ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவே

கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் 2000-ஆம் ஆண்டுக்கு முன்பு ஒரு பஸ் ஓட்டுநரின் அன்றாட வருமானம், அவர் அன்று எத்தனை பேரை ஏற்றினார் என்பதைப் பொறுத்தே இருந்தது. தடத்துக்கான உரிமம் கம்பெனிகளின் கையில் இருந்தது. பஸ்களோ தனித்தனி முதலாளிகளுடையவை. அவர்கள் கம்பெனிக்குக் கட்டணம் செலுத்திவிட்டு அந்தத் தடத்தில் ஓட்டிக்கொண்டார்கள். ஒரே சாலையில், ஒரே திசையில், ஒரே பயணிக்காகப் பல பஸ்கள் முட்டி மோதின. ஊர்க்காரர்கள் இதை 'சென்டாவோ போர்' என்று அழைத்தார்கள். சென்டாவோ என்பது அவர்களுடைய சில்லறைக் காசு.

அந்தப் போட்டியில் ஓட்டுநருக்கு அதிகம் தேவைப்பட்ட தகவல் ஒன்று உண்டு: முன்னால் போன பஸ் இந்த இடத்தைக் கடந்து எத்தனை நிமிடம் ஆயிற்று? அதிக நேரம் ஆகியிருந்தால் வழிநெடுக ஆட்கள் சேர்ந்திருப்பார்கள், நிதானமாக ஏற்றிக்கொண்டு போகலாம். குறைவாக இருந்தால் விரட்டிப் பிடித்து முந்த வேண்டும். கொலம்பிய நகரங்களிலும் பெரு நாட்டின் லிமாவிலும் இந்தத் தகவலை விற்பதே ஒரு தொழிலாக இருந்தது. தெருமுனையில் கையில் குறிப்பேட்டுடன் நிற்பவர் பஸ்கள் கடக்கும் நேரத்தை எழுதிக்கொள்வார். வரும் ஓட்டுநரிடம் நிமிடக் கணக்கைச் சொல்வார். ஓட்டுநர் ஒரு காசை எடுத்துத் தருவார். தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களில் தனியார் பஸ் ஊழியர்களிடையே 'டைமிங் தகராறு' என்று நாம் நாளிதழில் படிப்பதற்கு அடியில் இருப்பதும் இதே கணக்குதான். இரண்டு நிமிட இடைவெளி என்றால் இத்தனை டிக்கெட்.

2000 டிசம்பரில், என்ரிக்கே பெனியாலோசா மேயராக இருந்தபோது, பொகோட்டாவில் 'டிரான்ஸ்மிலேனியோ' தொடங்கியது. சாலையின் நடுவே பஸ்ஸுக்கென்றே தனித்தடம், உயர்ந்த மேடையுள்ள நிலையங்கள், நீளமான சிவப்புப் பஸ்கள் என உலகம் இவற்றைத்தான் படம் எடுத்தது. படத்தில் விழாத மாற்றம் இன்னொன்று. பஸ்ஸை ஓட்டும் கம்பெனிகளுக்கு இனி ஆள் கணக்கில் பணம் இல்லை, ஓட்டிய கிலோமீட்டருக்குத்தான் பணம். பயணிகளிடமிருந்து வரும் கட்டணத்தை வேறொரு நிறுவனம் வசூலித்துப் பொது நிதியில் சேர்த்தது. எந்த பஸ் எங்கே இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழியாக ஒரு கட்டுப்பாட்டு அறை பார்த்துக்கொண்டே இருந்தது. தெருமுனையில் காசுக்கு விற்கப்பட்ட அதே நிமிடக் கணக்கு, அந்த அறைக்குள் எல்லாப் பயணிகளுக்குமான பொதுக் கருவியாயிற்று.

பி.ஆர்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் விரைவுப் பேருந்துத் தடத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். தனித்தடம் பஸ்ஸுக்கு வேகத்தைத் தருகிறது. அந்த பஸ்ஸை நம்பி ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்ப முடிவதோ, ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி சீராக இருப்பதால்தான். மேடை, கதவு, சிக்னல், ஒப்பந்தம் எல்லாமே அந்த இடைவெளியைக் காக்கும் கருவிகள்.

சராசரி மறைக்கும் காத்திருப்பு

ஒரு தடத்தில் மணிக்கு 6 பஸ்கள் என்று வைத்துக்கொள்வோம். சரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார்.

இப்போது அதே 6 பஸ்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு, 20 நிமிடத்துக்கு ஒரு ஜோடியாக வருகின்றன. பணிமனையின் பதிவேட்டில் ஒரு குறையும் இருக்காது: 6 பஸ், 6 நடை, டீசல் செலவும் சம்பளமும் அதேதான். காத்திருப்பு மட்டும் 10 நிமிடமாகிவிடும். மணிக்கு 3 பஸ் ஓடினால் என்ன சேவை கிடைக்குமோ, அதுதான் பயணிக்குக் கிடைக்கிறது. வாங்கிய பஸ்களில் பாதி வீணாயிற்று.

முழுதாக ஒட்டிக்கொள்ளாத நிலையையும் பார்க்கலாம். இடைவெளி மாறி மாறி 4 நிமிடம், 16 நிமிடம் என்று வருகிறது. சராசரி இடைவெளி இப்போதும் 10 நிமிடம்தான். ஆனால், நிறுத்தத்துக்கு வருகிறவர்களில் 100-க்கு 80 பேர் அந்த 16 நிமிட இடைவெளிக்குள்தான் வந்து சேர்வார்கள். நீண்ட இடைவெளியில்தானே அதிக ஆட்கள் வர முடியும்! கணக்கிட்டால் சராசரிக் காத்திருப்பு 6.8 நிமிடம். நெரிசலும் அப்படியே பங்கிடப்படும். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து 100 பேர் என்றால், ஒன்றில் 80 பேர் நசுங்குவார்கள், பின்னால் வருவதில் 20 பேர் இருப்பார்கள். பஸ்ஸுக்கு 50 பேர் என்று அறிக்கை சொல்லும். பயணிகளில் பெரும்பாலோர் அனுபவித்தது 80 பேர் இருந்த பஸ்ஸை.

இதைப் புள்ளியியல் ஒரு எளிய சூத்திரத்தில் அடக்குகிறது. சராசரிக் காத்திருப்பு என்பது சராசரி இடைவெளியின் பாதியை, 1-உடன் மாறுபாட்டுக் கெழுவின் வர்க்கத்தைக் கூட்டிய தொகையால் பெருக்கினால் கிடைப்பது. இடைவெளிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைச் சொல்லும் எண்தான் அந்தக் கெழு. எல்லாம் சமமாக இருந்தால் அது சுழி. 4, 16 என்று மாறினால் 0.6. ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டால் 1. காத்திருப்பைக் குறைக்க ஒரு நகரத்துக்கு இரண்டு வழிகள் உண்டு என்று இந்தச் சூத்திரம் காட்டுகிறது. ஒன்று, கூடுதல் பஸ் வாங்குவது. இன்னொன்று, இருக்கிற பஸ்களின் இடைவெளியைச் சீராக்குவது. இரண்டாவது வழிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

வேலைக்கு நேரத்துக்குப் போயாக வேண்டியவருக்குச் சராசரியும் போதாது. 20 நாளில் 19 நாள் தாமதமில்லாமல் போய்ச் சேர, அவர் எவ்வளவு நேரத்தை ஒதுக்கிவைக்க வேண்டும்? சீரான 10 நிமிட இடைவெளி என்றால் ஒன்பதரை நிமிடம். 4, 16 என்று மாறினால் 15 நிமிடம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியும் ஒவ்வொரு நாளும் தங்கள் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் நேரம் அது.

பஸ்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன?

1964-இல் கார்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற இருவர் இந்தக் கேள்விக்குக் கணித வடிவில் விடை தந்தார்கள். நியூவெல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றுப் போக்குவரத்து ஆய்வுக்கு வந்தவர். பாட்ஸ் ஆஸ்திரேலியக் கணிதவியலாளர். காந்தப் பொருள்களின் நடத்தையை விளக்க இயற்பியலாளர்கள் இன்றும் கையாளும் 'பாட்ஸ் மாதிரி' அவர் பெயரால் வழங்குவது. ஏராளமான சிறு துகள்கள் தமக்குள் இழுத்துத் தள்ளிக்கொள்வதை ஆராயும் கணிதம், சாலையில் ஓடும் பஸ்களுக்கும் பொருந்தியது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 5 நிமிடத்துக்கு ஒரு பஸ், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிமிடத்துக்கு 4 பேர் வருகிறார்கள், ஒருவர் ஏற 2 விநாடி ஆகிறது. எல்லாம் ஒழுங்காகப் போனால் நிறுத்தத்தில் 20 பேர் இருப்பார்கள், பஸ் 40 விநாடி நிற்கும். ஒரு பஸ் சிக்னலில் மாட்டி 1 நிமிடம் பிந்திவிட்டது. இப்போது நிறுத்தத்தில் 24 பேர். அவர்கள் ஏற 48 விநாடி. 60 விநாடியாக இருந்த தாமதம் 68 ஆனது. அடுத்த நிறுத்தத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல் ஆட்கள், தாமதம் 77. ஆறாவது நிறுத்தத்தைத் தாண்டும்போது அது 127 விநாடியாகி, 2 நிமிடத்தைக் கடந்துவிடும். சிக்னல் தந்தது 1 நிமிடத் தாமதம். மீதியைப் பஸ் தானே வளர்த்துக்கொண்டது.

பின்னால் வரும் பஸ்ஸுக்கு நேர் எதிரான கதை. முந்தைய பஸ் பிந்திப் போனதால் நிறுத்தத்தில் ஆட்கள் குறைவு. சீக்கிரம் கிளம்புகிறது, இன்னும் நெருங்குகிறது, ஆட்கள் இன்னும் குறைகிறார்கள். அதே ஆறு நிறுத்தங்களில் 5 நிமிட இடைவெளி 2 நிமிடத்துக்கும் கீழே போய்விடும். பிறகு இரண்டும் சேர்ந்து ஒன்றின் வால் பிடித்து ஒன்று ஓடும், முன்னது பிதுங்கி, பின்னது காலியாக.

விளைவு தன் காரணத்தையே பெருக்கும் இத்தகைய அமைப்பை அறிவியலில் நேர்மறைப் பின்னூட்டம் என்கிறோம். சமமான இடைவெளி என்ற நிலை இதில் நிலையற்றது. ஓட்டுநர்கள் எல்லாரும் ஒழுக்கமாக ஓட்டினாலும், யாரும் தவறே செய்யாவிட்டாலும், கண்காணிப்பு இல்லாத தடத்தில் பஸ்கள் ஒட்டிக்கொண்டுதான் தீரும். நிறுத்தத்தில் நிற்கிறவர் ஓட்டுநர்மேல் கோபப்படுகிறார், அதிகாரிகள் அவருக்கு மெமோ தருகிறார்கள். பழுது அமைப்பில் இருக்கிறது என்பதைத்தான் நியூவெலும் பாட்ஸும் காட்டினார்கள். அமைப்பின் பழுதை அமைப்பில்தான் சரிசெய்ய முடியும்.

கதவுகள் செய்யும் வேலை

மேலே சொன்ன கணக்கில் தாமதம் பெருகும் வேகத்தை முடிவு செய்தது எது? ஒருவர் ஏற எடுத்துக்கொண்ட 2 விநாடி. அதை அரை விநாடியாகக் குறைத்தால், ஆறு நிறுத்தங்களுக்குப் பிறகு 60 விநாடித் தாமதம் 73-ஆகத்தான் வளரும். 127-க்கும் 73-க்கும் உள்ள வித்தியாசம், அடுத்த பஸ் வந்து ஒட்டிக்கொள்வதற்கும் ஒட்டாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

பிரேசிலின் குரிச்சிபா நகரம் இதைச் செய்து காட்டியது. கட்டடக் கலைஞரான ஜெய்மி லெர்னர் அங்கே மேயராக இருந்த காலத்தில், 1974-இல், பஸ்களுக்கான தனித்தடங்கள் திறக்கப்பட்டன. 1991-இல் புகழ்பெற்ற குழாய் வடிவ நிலையங்கள் வந்தன. உள்ளே நுழையும்போதே பயணி கட்டணம் செலுத்திவிடுவார். பஸ்ஸின் தளமும் நிலையத்தின் மேடையும் ஒரே மட்டம், படியேற வேண்டாம். 1992-இல் இரண்டு இணைப்புகள் கொண்ட, ஏறத்தாழ 25 மீட்டர் நீளமான பஸ்கள் ஓடத் தொடங்கின. அவற்றில் 5 கதவுகள். எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்து, ஏறுவோரும் இறங்குவோரும் கடந்து, சில விநாடிகளில் மூடிக்கொள்ளும். முதியவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் பிறரைப் போலவே நேராக உள்ளே போகலாம். சக்கர நாற்காலிக்கு வழி விடும் அதே சமதளம், பஸ்ஸின் இடைவெளியையும் காக்கிறது.

இந்த நுணுக்கத்தைக் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவின் ஜகார்த்தா சான்று. 2004 ஜனவரியில் அங்கே 'டிரான்ஸ்ஜகார்த்தா' தொடங்கியபோது தடம் இருந்தது, மேடை இருந்தது. ஓடிய பஸ்களில் நிலையத்தின் பக்கம் ஒரே ஒரு கதவு. ஏறுவோரும் இறங்குவோரும் அதன் வழியாகத்தான் போய்வர வேண்டும். தனித்தடம் தந்த ஆதாயத்தில் கணிசமான பகுதியை அந்த ஒற்றைக் கதவு தின்றது. எரிவாயுவில் ஓடும் பஸ்கள் வந்தபோது, நிரப்பும் நிலையங்கள் குறைவாக இருந்ததால் பஸ்கள் தடத்தைவிட்டுப் போய் வரிசையில் நின்றன. ஜகார்த்தா பொறுமையாக ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டது. பெரிய பஸ்கள், கூடுதல் கதவுகள், தனித்தடத்தில் நுழையும் கார்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் அபராதம், நகரின் மற்ற பஸ் தடங்களோடு இணைப்பு எல்லாம் வந்தன. 2020 பிப்ரவரியில் அங்கே ஒரே நாளில் 10 லட்சம் பேர் பயணம் செய்தார்கள்.

நிலையமும் சிக்னலும்

கதவுக்கு அடுத்தபடியாக இடைவெளி கெடுவது நிலையத்தின் வாசலில். ஒரு பஸ் நிற்கும்போது இன்னொன்று வந்துவிட்டால் அது பின்னால் காத்திருக்க வேண்டும். மேடை ஒரு மணி நேரத்தில் 40% நேரத்துக்கு மேல் பஸ்ஸால் நிறைந்திருக்கக் கூடாது என்பது திட்டமிடுவோர் கைக்கொள்ளும் அளவுகோல். மீதி 60% வெறுமனே கிடப்பதுபோலத் தோன்றும். பஸ்கள் ஒருபோதும் அளந்து வைத்ததுபோல் வருவதில்லை என்பதால், அந்த வெறுமைதான் ஒழுங்கின்மையைத் தாங்கிக்கொள்கிறது. பயன்பாடு அதற்கு மேல் ஏற ஏற, வரிசை நேர்விகிதத்தில் வளராது, திடீரென்று நீளும். ஒவ்வொரு பஸ்ஸும் 24 விநாடி மேடையை அடைத்துக்கொண்டால், ஒரு மேடைக்கு மணிக்கு 60 பஸ்தான் எல்லை.

பொகோட்டா இந்த எல்லையை இரண்டு வழிகளில் தாண்டியது. ஒரே நிலையத்துக்குள் பல மேடைகள் வைத்தது. நிலையங்களின் ஓரமாக முந்திச் செல்லும் தடம் ஒன்றையும் சேர்த்தது. எல்லா நிலையத்திலும் நிற்கும் பஸ்ஸை, சில நிலையங்களில் மட்டும் நிற்கும் பஸ் கடந்து போகலாம். இந்த ஏற்பாட்டால் மணிக்கு, ஒரு திசையில், 40,000-க்கும் மேற்பட்டவர்கள் பயணம் செய்கிறார்கள். பல மெட்ரோ ரயில் தடங்கள் எட்டாத எண் அது. சீனாவின் குவாங்சோவில் 2010-இல் திறக்கப்பட்ட 22.5 கிலோமீட்டர் தடமும் இதே வழியில் சென்றது. நகரின் வெவ்வேறு மூலைகளிலிருந்து வரும் பல தடத்துப் பஸ்கள் அங்கே தனித்தடத்துக்குள் நுழைந்து, வெளியேறி, தம் வழியில் போகின்றன. நிலையங்கள் நீளமாக, பல மேடைகளுடன், முந்தும் தடத்துடன் கட்டப்பட்டிருப்பதால் இத்தனை நெருக்கத்தையும் அந்தத் தடம் தாங்குகிறது.

டெல்லியில் நடந்தது வேறு. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரையிலான 5.8 கிலோமீட்டர் தனித்தடம் 2008-இல் திறக்கப்பட்டு, 2016-இல் இடித்து அகற்றப்பட்டது. கார் வைத்திருப்போரின் எதிர்ப்பு பலமாக இருந்தது உண்மை. அதோடு இயக்கத்திலும் ஆழமான பலவீனங்கள் இருந்தன. முந்திச் செல்லத் தடம் இல்லை. நிறுத்தங்கள் சந்திப்புகளை ஒட்டியே அமைந்தன. ஒவ்வொரு திசைக்கும் திருப்பத்துக்கும் தனித்தனிப் பச்சை விளக்கு என்பதால் சிக்னலின் சுழற்சி நீண்டுபோனது. ஏற்கெனவே நகரில் ஓடிக்கொண்டிருந்த எல்லா பஸ்களும் உள்ளே விடப்பட்டன. ஆளுக்கு இத்தனை என்று சம்பாதித்த தனியார் புளூலைன் பஸ்களும் அவற்றில் அடக்கம். தடம் புதிது, அதில் நுழைந்த போட்டி பழையது.

சிக்னல் என்பது சீரான இடைவெளியை வெட்டித் துண்டாக்கும் கருவி. 5 நிமிடத்துக்கு ஒன்றாக வரும் பஸ் ஒரு நிமிடச் சிவப்பில் நின்றாலே இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இதற்குப் பஸ் முன்னுரிமைச் சிக்னல் ஒரு தீர்வு. பஸ் நெருங்குவதை உணர்ந்து பச்சையைச் சில விநாடி நீட்டலாம், சிவப்பைச் சில விநாடி முன்பே முடிக்கலாம். இதிலும் நல்ல முறை, பிந்தி வரும் பஸ்ஸுக்கு மட்டும் சலுகை தருவது. முந்தி வரும் பஸ்ஸுக்கும் பச்சை கொடுத்தால் அது முன்னதைத் துரத்திப் பிடிக்க உதவியதாகத்தான் முடியும். பஸ்கள் மிக நெருக்கமாக ஓடும் தடத்தில் இந்த உத்தி பலிக்காது, ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பஸ் வந்து கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே சந்திப்பில் சில திருப்பங்களை அடியோடு தடைசெய்து, சிக்னலின் கட்டங்களைக் குறைப்பதே வழி. இஸ்தான்புல்லின் மெட்ரோபஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2007-இல் தொடங்கிய 52 கிலோமீட்டர் நீளமான அந்தத் தடம், சிக்னல் இல்லாத நெடுஞ்சாலையின் நடுவே ஓடி, பாஸ்பரஸ் பாலத்தின் வழியாக ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கிறது. குறுக்கே எதுவும் வராததால், நெரிசல் நேரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைந்த இடைவெளியில் பஸ்களை அங்கே விட முடிகிறது.

பின்னால் திரும்பிப் பார்க்கும் பஸ்

எத்தனை நன்றாகக் கட்டினாலும் இடைவெளி கெடும். மழை வரும், சக்கரம் பஞ்சராகும், ஒரு பள்ளிக்கூடமே ஒரு நிறுத்தத்தில் வந்து ஏறும். கெட்டதைச் சரிசெய்யும் வேலை தினமும் நடக்க வேண்டும். அதன் முதல் இடம், தடம் தொடங்கும் முனையம். அங்கே 2 நிமிடம் முன்பின்னாகக் கிளம்பிய பஸ் கடைசிவரை அதைப் பெருக்கிக்கொண்டே போகும் என்பதை மேலே பார்த்தோம். நம் பஸ் நிலையங்களில் நேரக் காப்பாளர் செய்யும் வேலையின் மதிப்பு இது. நடைக்கும் நடைக்கும் நடுவே போதிய ஓய்வு நேரம் இல்லாவிட்டால், ஒரு நடையின் தாமதம் அடுத்த நடைக்குத் தாவும். ஓட்டுநர் தேநீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் ஒதுக்கிய பத்து நிமிடம், தாமதத்தை விழுங்கும் பத்து நிமிடமும்கூட. அதைப் பிடுங்கினால் மனிதரும் களைத்துப்போவார், தடமும் நொடிந்துபோகும்.

தடத்தின் நடுவே செய்யக்கூடியது, பஸ்ஸைச் சில இடங்களில் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பது. லண்டன் பஸ்களில், இடைவெளியைச் சரிசெய்வதற்காக இந்த பஸ் சிறிது நேரம் இங்கே நிற்கும் என்று ஒலிபெருக்கி அறிவிக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். முன்னே உள்ள நிறுத்தங்களில் காத்திருக்கும் பலருடைய நேரத்துக்காக இவர்களுடைய ஒரு நிமிடம் செலவாகிறது. எனவே எங்கே நிறுத்துவது என்பது முக்கியம். பஸ்ஸுக்குள் ஆட்கள் குறைவாகவும், அடுத்து வரும் நிறுத்தங்களில் கூட்டம் அதிகமாகவும் இருக்கும் இடமே சரியான இடம்.

எவ்வளவு நேரம் நிறுத்துவது? பழைய முறையில் கால அட்டவணையே எஜமான். 8.12-க்குக் கிளம்ப வேண்டியது 8.12-க்குக் கிளம்பும். அரை மணிக்கு ஒரு பஸ் வரும் தடத்துக்கு அதுவே சரி, பயணி அட்டவணையைப் பார்த்துத்தான் வருவார். 5 நிமிடத்துக்கு ஒன்று ஓடும் தடத்தில் 8.12 பஸ் 8.17-க்கு வந்தால் யாருக்கும் தெரியாது, இடைவெளி கெட்டால் எல்லாருக்கும் தெரியும். ஆகவே அடிக்கடி ஓடும் தடங்களில் கடிகாரத்தை விட்டுவிட்டு இடைவெளியைப் பிடிப்பதே அறிவு.

ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஜான் பார்த்தோல்டியும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டொனால்டு ஐசன்ஸ்டைனும் 2012-இல் வெளியிட்ட முறை இதில் வெகு அழகானது. அவர்களுடைய ஏற்பாட்டில் அட்டவணை இல்லை. இத்தனை நிமிட இடைவெளி வேண்டும் என்ற இலக்குகூட இல்லை. கட்டுப்பாட்டு இடத்துக்கு வரும் பஸ், தனக்குப் பின்னால் வரும் பஸ் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பார்க்கிறது. அது வந்து சேர ஆகும் நேரத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு மட்டும் இது காத்திருக்கிறது. பின்னது தொலைவில் இருந்தால் அதிகம் நிற்கும், அருகில் இருந்தால் உடனே கிளம்பும். ஒவ்வொரு பஸ்ஸும் இந்த ஒரே விதியைப் பின்பற்றினால், இடைவெளிகள் தாமாகவே சமமாகிவிடும் என்று அவர்கள் நிறுவினார்கள். ஒரு பஸ் பழுதாகித் தடத்திலிருந்து விலகினாலும் மீதி பஸ்கள் புதிய சம இடைவெளிக்குத் தாமே நகர்ந்துகொள்ளும். அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா டெக் வளாகப் பஸ் தடத்தில் இதை ஓட்டியும் பார்த்தார்கள். பொகோட்டாவின் தெருமுனைகளில் ஓட்டுநர்கள் காசு கொடுத்துக் கேட்டது முன்னால் போனவனைப் பற்றி, அவனிடமிருந்து பயணியைப் பறிப்பதற்காக. இங்கே பஸ் கேட்பது பின்னால் வருபவனைப் பற்றி, அவனோடு சுமையைப் பகிர்வதற்காக.

நிறுத்திவைப்பதோடு வேறு சில கருவிகளும் கட்டுப்பாட்டு அறையின் கையில் இருக்க வேண்டும். நீண்ட இடைவெளி விழுந்த இடத்தில் நுழைக்கத் தயாராக ஓட்டுநருடன் நிற்கும் மாற்றுப் பஸ், ஒட்டிக்கொண்ட இரண்டில் காலியான ஒன்றைப் பாதி வழியில் திருப்பி எதிர்த்திசைக்கு அனுப்பும் அதிகாரம், பழுதான பஸ்ஸைத் தடத்திலிருந்து விரைவாக இழுத்து அகற்றும் வண்டி. தனித்தடத்தில் நிற்கும் ஒரு பழுதுப் பஸ் அதன் பின்னால் வரும் அத்தனையையும் அடைத்துவிடும் என்பதால், பணிமனையில் இரவில் நடக்கும் பராமரிப்பு காலைத் தடத்தின் நம்பகத்தன்மையில் நேராகத் தெரியும்.

எதை அளக்கிறோமோ அதுதான் கிடைக்கும்

2001-இல் லண்டன் தன் பஸ் ஒப்பந்தங்களை மாற்றியது. மணிக்கு 5 பஸ்களோ அதற்கு மேலோ ஓடும் தடங்களில், பயணி உண்மையில் காத்திருந்த நேரத்துக்கும் அட்டவணைப்படி காத்திருக்க வேண்டிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அளக்கப்பட்டது. அந்த 'மிகைக் காத்திருப்பு' குறைந்தால் பஸ் கம்பெனிக்கு ஊக்கத்தொகை, கூடினால் பிடித்தம். சுமார் 2.2 நிமிடமாக இருந்த மிகைக் காத்திருப்பு ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைந்தது. கூடுதல் பஸ்களும், 2003-இல் நகர மையத்தில் வந்த நெரிசல் கட்டணமும் இதில் பங்கு வகித்தன. ஆனாலும், கம்பெனிகளின் மேலாளர்கள் காலையில் அலுவலகம் வந்ததும் முதலில் பார்க்கும் எண்ணாக இடைவெளியை மாற்றியது அந்த ஒப்பந்தம்தான்.

நம் நாட்டில் இத்தனை கிலோமீட்டர், இத்தனை நடை, ரத்தான நடை எவ்வளவு, வசூல் எவ்வளவு என்றுதான் பெரும்பாலும் கணக்கு வைக்கிறோம். பஸ்கள் ஜோடி ஜோடியாக ஓடினாலும் இந்தக் கணக்குகள் எல்லாம் நன்றாகவே இருக்கும். பொகோட்டாவே இதில் எச்சரிக்கை தருகிறது. கிலோமீட்டருக்குப் பணம் என்ற ஏற்பாடு சாலைப் போட்டியை ஒழித்தது. பயணிகள் பெருகிய வேகத்துக்குப் பஸ்களும் நிலையங்களும் பெருகாததால், நிலையங்களில் கதவு மூட முடியாத நெரிசல் வந்தது. 2012 மார்ச்சில் பயணிகளின் கோபம் போராட்டமாக வெடித்து, நிலையங்கள் உடைக்கப்பட்டன. நெரிசலில் கதவு மூடத் தாமதமாகும், தாமதம் இடைவெளியைக் கெடுக்கும், கெட்ட இடைவெளி அடுத்த பஸ்ஸை இன்னும் நிரப்பும். அறுபதாண்டுக்கு முன் எழுதப்பட்ட கணிதம் எந்தச் சிறந்த தடத்தையும் விட்டுவைக்காது.

அகமதாபாத் 2009-இல் 'ஜன்மார்க்' தடத்தைத் திறந்தது, ஹூப்ளி-தார்வாட் தடத்தில் 2018-இல் பஸ்கள் ஓடத் தொடங்கின. இவற்றைப் பற்றியும் இனி வரப்போகும் தடங்களைப் பற்றியும் எத்தனை கிலோமீட்டர் கட்டினோம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு தடத்திலும் இடைவெளி எப்படி இருந்தது என்று மாதாமாதம் கேட்க வேண்டும். பஸ்களில் இருப்பிடக் கருவி பொருத்திய எந்த நகரத்திடமும் அந்தத் தரவு ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தடவாரியாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கலாம். ஒப்பந்தத்தில் மிகைக் காத்திருப்பைச் சேர்க்கலாம். கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்ப்பவருக்கு, பஸ்ஸை நிறுத்தவும் திருப்பவும் மாற்றுப் பஸ்ஸை அனுப்பவும் அதிகாரம் கொடுக்கலாம். ஓட்டுநரின் முன்னால் இருக்கும் சிறு திரை, அவருக்குப் பின்னால் வரும் சக ஓட்டுநர் எத்தனை நிமிடத்தில் இருக்கிறார் என்று சொல்லலாம்.

இவற்றில் எதற்கும் சிமென்ட் தேவையில்லை, நிலம் கையகப்படுத்தத் தேவையில்லை, திறப்பு விழாவும் இருக்காது. அதனால்தான் இவை தள்ளிப்போகின்றன. ஆனால் கார் வாங்க முடியாதவர்களின் காலை நேரம் முழுக்க இவற்றை நம்பித்தான் இருக்கிறது. தடம் கட்டும் பணத்தை ஒதுக்கும்போதே, அதைத் தினமும் சீராக ஓட்டுவதற்கான ஆட்களுக்கும் பணிமனைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் பணம் ஒதுக்காத எந்தத் திட்டத்தையும் முழுமையான திட்டமாக ஏற்கக் கூடாது.